கழுத்துக்கு ஓர் அறிமுக உரை

மலாக்காவின் காஜா பேராங்கில் ஒருவர் மேடை ஏற வேண்டுமென்றால், முதலில் மாணிக்கவாசகம் மாமாவின் விசாரணையைக் கடந்தாக வேண்டும். மாமா பகலில் குடிநீர் இலாகாவில் கிராணி, அதாவது குமாஸ்தா. மாலையில் எங்கள் தமிழர் சங்கத்தின் அறிமுக உரையாளர். வருகிறவர் மந்திரியின் செயலாளராக இருந்தாலும் மலேரியா ஒழிப்பு அதிகாரியாக இருந்தாலும், அவருடைய பூர்வீகம், படிப்பு, முந்தைய வேலை, அதை ஏன் விட்டார் என்பது வரை மாமா விசாரித்து வைத்திருப்பார். விசாரித்ததில் பாதியை மேடையில் சொல்வார். மீதிப் பாதியைச் சொல்லாமல் இருப்பதற்காகவே சிலர் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்பவில்லை. ஆனால் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் மறுக்கவும் இல்லை.

கல்லூரியில் படிக்கிற என்னைச் செயலாளராக்கியதும் மாமாதான். மற்ற எல்லோரையும் விசாரித்துவிட்டாராம்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் அடைந்ததற்குப் பிறகு, மலாக்காவில் திறப்பு விழாக்கள் பெருகிவிட்டன. பள்ளிக்கூடம், பாலம், பொதுக் கழிப்பறை, எதுவானாலும் குறுக்கே ஒரு ரிப்பன் கட்டினார்கள். எங்கள் ஆட்கள் வரும் ரிப்பன் என்றால் அதற்கு முன்னால் மாமா பேசினார். ஒலிபெருக்கி இல்லாமலே தன் குரல் ஜாலான் துக்காங் எமாஸ் கோயில் பிள்ளையாருக்குக் கேட்கும் என்பார். காற்று அந்தப் பக்கம் வீசினால் கேட்கும் என்பது அவர் மனைவி பாக்கியலட்சுமி அத்தையின் திருத்தம்.

அந்தக் குரல் புறப்படுகிற இடத்தில்தான் கழலை வந்தது. முதலில் சட்டையின் மேல் பொத்தானைப் போடவிடாமல் தடுத்தது. பிறகு எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்து, மாமா பேசும்போதெல்லாம் தானும் ஏறி இறங்கியது. அதை அப்படியே விட்டால் மூச்சை அடைக்கும், அறுத்து எடுக்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குரலுக்குப் போகிற நரம்பு கழலையின் முதுகை ஒட்டியே ஓடுகிறது, கத்தி கொஞ்சம் பிசகினால் குரல் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "யாரு அறுக்கப் போறது?"

பதில் கோலாலம்பூரிலிருந்து வந்தது. அங்கே புதிதாகத் தொடங்கியிருந்த பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு, அறுவைச் சிகிச்சைக்கென்று இரண்டு பேரை வேலைக்கு எடுத்திருந்தது. அவர்களுக்கென்று சொந்த ஆஸ்பத்திரி எழும்பும் வரை, மாதத்தில் சில நாட்கள் மலாக்காவுக்கு வந்து அறுப்பார்களாம். இரண்டு பேருமே தமிழர்கள். சங்கம் சும்மா இருக்குமா? அறிமுகக் கூட்டம் என்று தீர்மானம் போட்டோம். தன் கழுத்தை அறுக்கப் போகிறவரைத் தானே ஊருக்கு அறிமுகம் செய்துவைக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை.

செயற்குழுவில் நான் பெயர்களைப் படித்ததுமே சந்தேகம் தொடங்கிவிட்டது.

"மிஸ்டர் பொன்னுதுரை, மிஸ்டர் ஜெயபாலன்."

"டாக்டர்னு போடலையா?" என்றார் பொருளாளர் மருதமுத்து.

"இல்லை. மிஸ்டர்னுதான் போட்டிருக்கு."

"மிஸ்டர் சஜா?" என்றார் அப்பு. வெறும் மிஸ்டர்தானா என்று அர்த்தம். அப்பு கம்போங் செட்டிக்காரர், தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே வாழும் குடும்பம், தையற்கடை வைத்திருப்பவர். கும்பிடுகிற சாமி எங்கள் சாமிதான்; பேச்சு மட்டும் மலாய். கூட்டத்தில் பேசப்படும் தமிழ் அவருக்குப் பாதிதான் புரியும். மற்றவர்களைவிட நிதானமாக அவர் வாக்களிப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

"புண்ணுக்குக் கட்டுப் போடுற டிரேசரா இருந்தவங்களா இருக்கும் லா," என்றார் மருதமுத்து. "மெர்டேக்கா வந்துட்டா யார் வேணும்னாலும் யாரை வேணும்னாலும் அறுக்கலாமா?"

"யாரையோ இல்ல மருதமுத்து, என்னை," என்றார் மாமா. "விசாரிக்கிறேன்."

விசாரித்தார். கிள்ளானில் ஒரு சகலை, சிரம்பானில் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர் என்று மாமாவுக்கு ஊருக்கு ஊர் ஆள் உண்டு. பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிள்ளானில் பிறந்தவர், லண்டனில் படித்தவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையே இல்லை என்பது மாமாவுக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஆனாலும் பொறுத்துக்கொண்டார். ஜெயபாலன் சிரம்பான்காரர். அவரும் லண்டன்தான். ஆனால் தபால்காரர் ஒரு செய்தியைத் தேடிப்பிடித்து அனுப்பியிருந்தார்: சின்ன வயதில் அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் ஓயாமல் கையிலேயே அடி வாங்கியவன்.

"கையில அடி," என்றார் மாமா. "முதுகுல இல்ல, கால்ல இல்ல. கையில. அந்த வயசுல எதைத் திருடியிருப்பான்?"

"மார்க்கு குறைஞ்சாக்கூட கையிலதானே மாமா அடிப்பாங்க."

"எல்லாத்துலயும் முதல் மார்க்காம்டா. அதையும் விசாரிச்சுட்டேன்."

விழா நாளன்று மண்டபம் நிறைந்துவிட்டது. இருவருக்கும் மரியாதை ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதற்காக மருதமுத்து இரண்டு ரிப்பன்கள் கட்டச் சொல்லியிருந்தார். வாசலில் ஒன்று; உள்ளே வாசக சாலைக்காக வாங்கிய புத்தக அலமாரியில் இன்னொன்று. அலமாரியில் அன்றைக்குப் புத்தகம் எதுவும் இல்லை. திறப்பு விழாவுக்குப் புத்தகம் தேவையில்லை என்று செயற்குழு கருதியது. கத்தரிக்கோலை அப்பு தன் கடையிலிருந்து கொண்டுவந்தார்.

பொன்னுதுரை உயரமானவர், தலை நரைக்கத் தொடங்கியவர், கோட்டு அணிந்திருந்தார். கத்தரிக்கோலை வாங்கினார், ஒரே வெட்டு, ரிப்பன் இரண்டாக விழுந்தது. கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. முன் வரிசையில் இருந்தவர்கள், அறுக்கிற மாதிரி தங்களுக்கும் ஏதாவது இருந்தால் தேவலை என்பதுபோல அவரைப் பார்த்தார்கள்.

அதே கத்தரிக்கோல் அலமாரிக்கு முன்னால் ஜெயபாலன் கைக்கு வந்தது. அவர் குள்ளமானவர், ஒல்லியானவர். வந்ததிலிருந்தே இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டிருந்தார். வலது கையால் கத்தரிக்கோலைப் பிடித்து ரிப்பனுக்குள் நுழைத்து அழுத்தினார். ரிப்பன் மடங்கியது. எடுத்துவிட்டு இன்னொரு தரம் அழுத்தினார். ரிப்பன் இன்னொரு விதமாக மடங்கியது. பிறகு கத்தரிக்கோலால் அதைக் கொஞ்ச நேரம் மென்றார் என்றுதான் சொல்ல வேண்டும்.

முன் வரிசை கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"கத்தரிக்கோல்ல ஏதும் கோளாறா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இதாலதானே அவரு வெட்டினாரு," என்று பக்கத்திலிருந்து பதில்.

"தாக் போலே," என்றார் அப்பு வாய்க்குள். முடியாது என்பதற்கான அந்த இரண்டு மலாய்ச் சொற்கள் மலாக்காவில் எல்லோருக்கும் புரியும். கடைசியில் மருதமுத்து ரிப்பனின் ஒரு முனையை ரகசியமாக இழுத்தார். முடிச்சு நழுவியது. ஜெயபாலன் அந்த ரிப்பனை வெட்டவில்லை. அது மனம் வெறுத்துத் தானாக அவிழ்ந்துகொண்டது. நாங்கள் கைதட்டினோம்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கை கழுத்தில் இருந்தது.

அதன் பிறகு அறிமுக உரை. பொன்னுதுரையைப் பற்றி மாமா நெடுநேரம் பேசினார். அவருடைய பாட்டனார் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தது வரை போய்த் திரும்பினார். குரல் அன்றைக்கு நன்றாகவே எடுத்தது. பிறகு ஜெயபாலன் பக்கம் திரும்பினார்.

"இவர் திரு. ஜெயபாலன். சிரம்பான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சங்கத்தின் வரலாற்றில் அவ்வளவு சின்ன அறிமுக உரை இருந்ததில்லை. தெருக்கூட்டும் ஆட்களுக்கு விடைகொடுத்தபோதுகூட மாமா அதைவிட நீளமாகப் பேசியிருக்கிறார். சபை கலவரப்பட்டது. அதைத் தணிக்க எழுந்த பொன்னுதுரை, அறுவை வைத்தியர்களை ஏன் மிஸ்டர் என்று அழைக்கிறார்கள் என்று விளக்கினார். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் அறுக்கிற வேலையை முடிதிருத்துகிறவர்கள்தான் செய்தார்களாம். அந்த வழியில் வந்த பட்டமாம். அதைப் பெருமையாக வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். அவர் உட்கார்ந்தபோது கலவரம் தணிந்திருந்தது. அந்த இடத்தில் பயம் வந்திருந்தது.

தேநீர் நேரத்தில் மாமா பொன்னுதுரையை மூலையில் பிடித்தார்.

"சார், என் கழுத்தை நீங்கதான் பாக்கணும்."

"கழுத்து என்ர வேலை இல்லை ஐயா. அது ஜெயபாலன்ட வேலை. நான் வயித்தோட நிக்கிறன்."

"கொஞ்சம் மேல வந்து பாக்கக்கூடாதா?"

"எனக்கே கழுத்தில வந்தா அவரிட்டதான் போவன்," என்றார் பொன்னுதுரை.

மாமா இதை நம்பவில்லை. ஓர் உத்தியோகஸ்தர் இன்னொரு உத்தியோகஸ்தரைப் பற்றி வேறு என்ன சொல்வார் என்று கேட்டார்.

வாரம் முடிவதற்குள் ஊர் முழுக்க ஜெயபாலனின் இடது கையைப் பற்றித்தான் பேச்சு. தேநீர் குடிக்கும்போதுகூட அதை வெளியே எடுக்கவில்லையே. எங்கள் தெருவில் ஒரு விரல் இல்லை என்றார்கள். பசாரில் விசாரித்தபோது மூன்று விரல் இல்லை. கடலோரத்து உஜோங் பாசிர் போய்ச் சேர்ந்தபோது அது மரக்கை ஆகிவிட்டது.

மாமா ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். படுத்தால் மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. உட்கார்ந்தே தூங்கினார்.

"குரல் போனா என்னங்க? மூச்சு போறதுக்கு அது தேவலையே," என்றார் அத்தை.

"உனக்குத் தேவலை."

"எனக்கு எதுதான் தேவலைன்னு இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது விசாரிச்சிருக்கீங்களா? டேய் சேதுபதி, சட்டையை மாட்டு. உங்க மாமாவை இழுத்துட்டுப் போ. அந்த மனுசன் கையில எத்தனை விரல்னு எண்ணிட்டு வாங்க."

போனோம். ஜெயபாலனின் அறையில் மேசை, மூன்று நாற்காலிகள், மெதுவாகச் சுற்றும் விசிறி. நர்ஸ் விஜயா மிஸ்ஸி எங்களை உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஜெயபாலன் மாமாவின் பின்னால் நின்று, இரண்டு கைகளாலும் கழலையைத் தடவிப் பார்த்தார். எண்ணினேன். பத்து இருந்தன.

பிறகு அவர் நாற்காலிக்குத் திரும்பி, இடது கையால் பேனாவை எடுத்து, ஒரு தாளில் கழுத்தின் உட்புறத்தை வரைந்தார். கை தயங்கவே இல்லை. பட்டாம்பூச்சி போல ஒன்று, அதன் ஒரு சிறகில் கட்டி, பின்னால் நூல் மாதிரி இறங்கும் நரம்பு. கண்ணாடியில் பார்த்து வரைந்ததுபோல் இருந்தது.

மாமா படத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"சார், இடது கைப் பழக்கமா?"

"ஆமா."

"அப்ப அன்னைக்கு ரிப்பனை..."

"நல்ல காரியமாச்சே சார். மேடையில நின்னு இடது கையால வெட்டியிருந்தா முன் வரிசையில என்ன சொல்லியிருப்பாங்க?"

மாமா மற்றவர்களை விசாரிப்பதில் எப்படியோ, தன்னை விசாரிப்பதிலும் அப்படியே நேர்மையானவர். "நான்தான் முதல் ஆளா சொல்லியிருப்பேன்," என்றார்.

"அதுக்குத்தான். வீட்டுல எங்கம்மா, பள்ளிக்கூடத்துல வாத்தியார், ரெண்டு பேரும் அடிச்சு அடிச்சு வலது கையைப் பழக்கிட்டாங்க. சாப்பிடும், கை குலுக்கும், விபூதி வாங்கும். சபை மரியாதையெல்லாம் அதுக்குத் தெரியும். வேலைதான் தெரியாது. அன்னைக்குக் கொடுத்த கத்தரிக்கோல் இடது கைக்கும் ஒத்து வந்திருக்காது, அது வேற விஷயம்."

"பையில ஏன் விட்டிருந்தீங்க?"

"வெளிய விட்டா முந்திக்கும் சார்."

சிரம்பான் தபால்காரரின் செய்தி மாமாவுக்குள் இடம் மாறி உட்கார்வதை என்னால் பார்க்க முடிந்தது. ஆனால் ஒரு சந்தேகம் போனால் அந்த நாற்காலியை மாமா காலியாக விடுவதில்லை.

"அப்ப என் கழுத்து நல்ல காரியம் இல்லை. அதுக்கு பீச்சாங்கை போதும்."

நான் விசிறியைப் பார்த்தேன். ஜெயபாலன் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க மரியாதை பாக்கிறவரு. வலது கையாலதான் தொடணும்னா சொல்லுங்க. வலது கையாலயே அறுக்கிறேன். அது எப்படி வெட்டும்னு நீங்க பாத்திருக்கீங்க."

வெளியே யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது தாழ்வாரத்தின் கடைசி வரை போகிற சத்தம் கேட்டது.

"வேணாம் சார்," என்றார் மாமா. "எங்கிட்ட மரியாதை பாக்காதீங்க."

அறுவை நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, நரம்பு பத்திரமாக இருக்கிறது, மெதுவாகப் பேசலாம் என்று ஜெயபாலன் சொன்னார். மாமா கழுத்துக் கட்டோடு அவரை உற்றுப் பார்த்தார். பேசவில்லை.

மறுநாளும் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கூஜாவைக் காட்டினார். கஞ்சி வேண்டாமென்றால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அப்பு வந்து தலைமாட்டில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனார். மருதமுத்து வந்தார். குரல் போனவருக்குக் காதும் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி ஆறுதல் சொன்னார். திரும்பும்போது தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, அடுத்த விழாவுக்கு அறிமுக உரையைத் தற்காலிகமாக யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்குமே என்றார். தற்காலிகமாக என்று சொல்லும்போதே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ரிப்பனை வெட்டத் தெரியாதவன் நரம்பை வெட்டிவிட்டான்.

எனக்கு வேறு ஒரு சந்தேகம். மாமா பேச முயன்று குரல் வராமல் இருக்கவில்லை. அவர் முயலவே இல்லை. உதடுகூட அசையவில்லை. வாயைத் திறக்காதவரை குரல் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். திறந்துவிட்டால் முடிவு தெரிந்துபோகும். ஊரையே விசாரிக்கிற மனிதர் அந்த ஒன்றை மட்டும் விசாரிக்க அஞ்சினார்.

அத்தைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள், கல்யாணமான பிறகு இப்படி ஒரு அமைதியான சாயங்காலத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிச் சிரித்தவர், மூன்றாம் நாள் மாமாவைச் சீண்டத் தொடங்கினார். குடிநீர் இலாகாவைத் திட்டினார். சங்கத்தைத் திட்டினார். பிறகு மாமாவின் தங்கையை, அதாவது என் அம்மாவை, நான் பக்கத்தில் நிற்கும்போதே திட்டினார். மற்ற நாளாக இருந்தால் அதற்குக் கட்டிடம் இடிந்திருக்கும். மாமா போர்வையைச் சரிசெய்துகொண்டார். அத்தை எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"உங்கம்மாவை மனசுல வச்சு சொல்லலடா," என்றார் என்னிடம்.

"தெரியும் அத்தை."

கொஞ்ச நேரத்தில் ஜெயபாலன் பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேருடன் வார்டைச் சுற்றி வந்தார். ஒருவர் ஈப்போவிலிருந்து வந்த சீனர். மற்றவர் ஜொகூரைச் சேர்ந்த மலாய்க்காரர். ஒவ்வொரு கட்டிலாக நின்று, நோயாளியைச் சுட்டிக்காட்டி விவரம் சொல்லிக்கொண்டே வந்தவர், மாமாவின் கட்டிலருகே வந்து நின்றார்.

"இவர் பேரு மாணிக்கம்," என்றார்.

மாமாவின் கண்கள் திறந்தன.

"தோட்டத்துக் கிராணி."

மாமாவின் கை போர்வையைப் பிடித்தது. அத்தை எழுந்து நின்றார்.

"கழுத்துல கழலை, எடுத்தாச்சு. சங்கத்துல நாற்காலி எடுத்துப் போடுறவராம். வேற சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை." ஜெயபாலன் அடுத்த கட்டிலை நோக்கித் திரும்பினார்.

"வாசகம்."

துருப்பிடித்த கதவு நகர்ந்தது மாதிரி ஒரு சத்தம். அது மாமாவிடமிருந்து வந்தது என்று எங்களுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. மாமாவுக்கும்தான்.

"மாணிக்கவாசகம்," என்றார் மறுபடி. கரகரத்தது, நடுவில் உடைந்தது, ஆனாலும் குரல்தான். "தோட்டம் இல்லை. குடிநீர் இலாகா. நாற்காலி போடுறவனா நான்? ஒரு ஆளை அறிமுகம் பண்றதுக்கு முன்னால பேரையாவது முழுசா விசாரிக்க வேணாமா?"

ஜெயபாலன் திரும்பவில்லை. அடுத்த கட்டில்காரரின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா விடவில்லை, மாணிக்கவாசகம் என்ற பெயரை யார் வைத்தது, எதற்காக வைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்கினார். விஜயா மிஸ்ஸி ஓடிவந்து போதும் போதும் என்றார். அத்தை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, பேசட்டும் விடுங்க மிஸ்ஸி என்றார். அத்தை அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்கு அது உறைத்தது. அந்த இரண்டு பயிற்சி டாக்டர்களுக்கும் தமிழில் ஒரு சொல் தெரியாது. மற்ற எல்லாக் கட்டில்களிலும் ஜெயபாலன் ஆங்கிலத்தில்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை இதை மாமாவிடம் சொன்னேன். அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். உப்பு போதவில்லை என்று ஏற்கெனவே இரண்டு பேரிடம் புகார் செய்திருந்தார்.

"தெரியும்டா," என்றார் அந்தக் கரகரத்த குரலில். "வேணும்னே பண்ணலைன்னா ஒரு ஆளை அவ்வளவு மோசமா அறிமுகம் செய்ய முடியுமா?"

இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வேணும்னே பண்ணாமலும் முடியும்னு நினைக்கிறியா?"